டிரங்குப் பெட்டியில் இருந்த நெகடிவ்கள்

ஊரிலேயே வாழ்வோருக்குப் பாட்டன் பூட்டனை நினைவூட்ட வீடும் கிணறும் வரப்பும் இருக்கின்றன. பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து தங்கிவிட்ட நம் போன்ற குடும்பங்களுக்கு அவ்வாறு நினைவூட்டக் கூடியவை மிகச் சில. இரண்டொரு பித்தளைப் பாத்திரம், ஒரு டிரங்குப் பெட்டி, அப்பெட்டியின் அடியில் ஒரு கட்டுப் போட்டோக்கள். குவார்ட்டர்ஸ் மாறும்போதெல்லாம் அப்பெட்டியை முதலில் ஏற்றுவோம்; புது வீட்டில் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு மறந்துபோவோம்.

நம் வீட்டிலும் அப்படியே நடந்தது. பாட்டனார் 1961-இல் கரக்பூர் ரயில்வே பணிமனையில் வேலைக்குச் சேர்ந்தவர். பின்னர் தந்தையார் ரயில்வேக்கு வந்தார். இப்போது நாமும் அதே ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளுகிறோம். பாட்டனாருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் 1964-இல் வாங்கிய ஆக்ஃபா கிளிக் 3 என்னும் எளிய பெட்டிக் காமிரா. ஒரு சுருளில் 12 படங்கள் விழும். பன்னிரண்டையும் அச்சிட்டுப் பார்க்கச் சம்பளம் இடங்கொடாது. ஆகவே நெகடிவை விளக்கில் பிடித்துப் பார்த்து, மூன்று அல்லது நான்கை மட்டும் அச்சிடக் கொடுப்பாராம். மற்றவை காகித உறையில் புகுந்து பெட்டிக்குள் போய்விடும். அதாவது, அப்பெட்டியில் இருந்த பெரும்பாலான படங்களை எடுத்தவரைத் தவிர வேறு எவருமே பார்த்ததில்லை. பாட்டனாரோ 2009-இல் காலமாகிவிட்டார்.

சென்ற மழைக்காலத்தில் கூரை ஒழுகியதால் பெட்டியை இழுத்துத் திறந்தோம். குப்பென்று காடி நாற்றம் வீசிற்று. “ஊறுகாய் ஜாடி எதையாவது இதற்குள் வைத்தாயா?” என்று தாயார் நம்மைக் கேட்டார். ஊறுகாய் ஏதும் இல்லை. நாறியது பிலிம்தான்.

பிலிமுக்கு வரும் நோய்

இந்நாற்றத்திற்குக் காரணத்தை அறிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்திற்கும் பயன்படும் என்பதால் சிறிது விரித்துரைக்கிறோம்.

பிலிமில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கண்ணாடி போன்ற தெளிந்த அடித்தாள். மற்றொன்று அதன்மேல் பூசிய ஜெலட்டின் படலம். கறுப்பு வெள்ளை பிலிமில் படமாக நிற்பது அந்தப் படலத்திலுள்ள வெள்ளித் துகள். வெள்ளி எளிதில் அழிவதன்று. அடித்தாள்தான் முதலில் கெடுகிறது. பழைய பிலிம்களில் பெரும்பாலானவற்றின் அடித்தாள் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளால் ஆனது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். காடியில் இருப்பதும் அதே அமிலமாதலால் நாற்றமும் காடி நாற்றமாகவே இருக்கிறது. அமிலம் மிகுந்தால் சிதைவின் வேகமும் மிகும். பிலிம் சுருங்கும், வளையும், மேலுள்ள படலம் சுருக்கம் விழுந்து கழன்றுவிடும். வெளிவரும் ஆவி அருகிலுள்ள நல்ல பிலிமையும் கெடுக்கும்.

இந்த நோய் கண்ட செய்தி முதன்முதலில் நம் நாட்டிலிருந்துதான் சென்றது என்பதை அறிந்தபோது வியப்படைந்தோம். டிரை அசிடேட் பிலிம் 1948-இல் புழக்கத்துக்கு வந்தது. பத்தாண்டு முடிவதற்குள், வெப்பமும் ஈரமும் நிறைந்த இடத்தில் வைத்திருந்த பிலிம்கள் கெட்டுவிட்டன என்று இந்திய அரசாங்கம் கோடாக் நிறுவனத்துக்குத் தெரிவித்தது. 21 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்தால், புதிய அசிடேட் பிலிம் நோய் தொடங்காமல் ஏறத்தாழ 40 ஆண்டு தாங்கும் என்று ஆராய்ந்தோர் கணக்கிட்டிருக்கின்றனர். கரக்பூரின் சித்திரை வெயிலும் ஆவணி மழையும் எப்படிப்பட்டவை என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டனாரின் பிலிம்கள் இத்தனை நாள் தாங்கியதே பெரிது.

வண்ணப் பிலிமின் கதை வேறு. அதில் வெள்ளி நிற்பதில்லை. சாயங்களே படமாக நிற்கின்றன. இருட்டில் வைத்திருந்தாலும் வெப்பத்தால் சாயம் மங்கும். மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஆகையால்தான் பழைய கலியாணப் படங்கள் பல சிவந்து கிடக்கின்றன. 1935-இல் வந்த கோடாக்குரோம் ஸ்லைடு மட்டும் இருட்டில் வைத்தால் நிறம் காப்பதில் பேர்பெற்றது. அந்தப் பிலிமையும் 2009-இல் நிறுத்திவிட்டார்கள். அதைக் கழுவித் தந்த கடைசி நிலையமும் 2010-இன் இறுதியில் அவ்வேலையை விட்டது. நம் உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்று, இந்து என்ற பெயரில் பிலிம் விற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் இன்று இயங்கவில்லை. பிலிமை நம்பி இனி வாழ முடியாது. அதில் உள்ளதை வேறோரிடத்துக்கு மாற்றியே ஆகவேண்டும்.

காமிராவைக் கொண்டே காமிராப் படத்தை எடுத்தல்

நெகடிவைக் கணினிக்கு ஏற்றித் தரும் கடைகள் பெரிய நகரங்களில் உண்டு. படத்திற்கு இவ்வளவு என்று கூலி. நம் பெட்டியிலோ பாட்டனாரின் 31 சுருள், தந்தையார் பின்னாளில் எடுத்த 35 மில்லிமீட்டர் சுருள் ஒன்பது, பெரியப்பாவின் ஸ்லைடுகள் 110. எல்லாமாக 806 படங்கள். கூலியைப் பெருக்கிப் பார்த்த மாத்திரத்தில் அவ்வெண்ணத்தைக் கைவிட்டோம். அப்போது மைத்துனர் ஒரு யோசனை சொன்னார். “நெகடிவுக்குப் பின்னால் வெளிச்சம் வை, முன்னால் என் டிஜிட்டல் காமிராவை வைத்துப் போட்டோ எடு. அவ்வளவுதான்” என்றார். உண்மையில் அவ்வளவேதான். ஆனால் அந்த அவ்வளவுக்குள் பல நுட்பங்கள் இருக்கின்றன.

1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் செய்த முதல் டிஜிட்டல் காமிராவில் ஒரு படத்துக்குப் பதினாயிரம் புள்ளிகளே இருந்தன. மைத்துனரின் காமிராவில் 2 கோடியே 40 லட்சம். நீளவாக்கில் 6000, அகலவாக்கில் 4000. 35 மில்லிமீட்டர் நெகடிவின் படம் 36க்கு 24 மில்லிமீட்டர் அளவினது. ஆகவே ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 166 புள்ளிகள் கிடைக்கின்றன. பாட்டனாரின் பெரிய சதுர நெகடிவில் மில்லிமீட்டருக்கு 71 கிடைக்கும். அதைக் கொண்டு 13 அங்குலச் சதுரப் படம் தெளிவாக அச்சிடலாம். வீட்டு உபயோகத்திற்கு இது தாராளம்.

வேண்டிய பொருள்கள் வருமாறு. பிள்ளைகள் சித்திரத்தை நகலெடுக்கப் பயன்படுத்தும் எல்இடி ஒளிப்பலகை ஒன்று. வாங்கும்போது நிறங்களை உள்ளபடி காட்டும் வெண்ணொளியா என்று கேட்டு வாங்குக. காமிராவைக் கீழ்நோக்கி அசையாமல் பிடிக்கும் டிரைபாட் அல்லது சட்டம். நாம் தச்சரிடம் சொல்லி மரத்தில் செய்துகொண்டோம். நெகடிவைத் தட்டையாகப் பிடித்து நிறுத்த, நடுவில் சன்னல் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டை. தூசி ஊத ஒரு ரப்பர் ஊதுகுழல். மெல்லிய பருத்திக் கையுறை. லென்சைப் பொறுத்தவரை, பெரிய சதுர நெகடிவுக்குக் காமிராவோடு வரும் சாதாரண லென்சே பெரும்பாலும் போதும். சிறிய 35 மில்லிமீட்டர் நெகடிவை நெருங்கிப் பார்க்க மாக்ரோ லென்ஸ் வேண்டும். அஃதில்லாதார் காமிராவுக்கும் லென்சுக்கும் இடையில் மாட்டும் குழல்வளையம் வாங்கலாம். விலை மிகக் குறைவு.

இனி செய்முறை. நெகடிவின் தளமும் காமிராவின் தளமும் இம்மியும் சாயாமல் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். சாய்ந்தால் ஒரு மூலை தெளிவாயும் மறு மூலை மங்கியும் விழும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. நெகடிவ் வைக்கும் இடத்தில் ஒரு முகக்கண்ணாடித் துண்டைக் கிடத்துங்கள். காமிராவில் பார்த்தால் லென்சின் பிம்பம் நட்டநடுவில் தெரிய வேண்டும். தெரியும்வரை சட்டத்தைத் திருத்துக. பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு நெகடிவை வைக்கலாம்.

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஒளிப்பலகையில் நெகடிவ் மறைக்காத பகுதி முழுவதையும் கறுப்புக் காகிதத்தால் மூடுங்கள். பக்கத்திலிருந்து கசியும் ஒளி படத்தை வெளிறச் செய்யும். நெகடிவைப் பலகையின்மேல் நேராகப் படுக்க வைக்காமல் ஓரிரு அங்குலம் உயர்த்தி வைத்தால், பலகையின் தூசியும் கோடுகளும் படத்தில் தெரியா. காமிராவின் ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 8, கோப்பு ரா வகை. பொத்தானைக் கையால் அழுத்தினால் காமிரா ஆடும். ஆகவே இரண்டு விநாடி கழித்துத் தானே இயங்கும்படி அமைத்துக்கொள்க.

காமிராவின் ஆட்டம் பற்றி நமக்கு வாய்த்த தனித் தொல்லை ஒன்று உண்டு. நம் குவார்ட்டர்ஸ் லைனை ஒட்டியது. கூட்ஸ் வண்டி போகும்போது மேசையும் சட்டமும் நடுங்கும். திரை திறந்திருக்கும் நேரம் விநாடியில் எட்டில் ஒரு பங்கே ஆயினும் படம் குழம்பிவிடும். முதல் ஞாயிறு எடுத்தவற்றில் பாதி இவ்வாறு வீணாயிற்று. பிறகு வண்டியின் ஓசை கேட்டதும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகினோம். லைனை ஒட்டி வாழும் அன்பர்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

எடுத்த படம் நெகடிவாகவே இருக்கும்: வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும். கணினியில் அதைத் திருப்ப வேண்டும். டார்க்டேபிள், ரா தெரபி ஆகிய இரு செயலிகளும் இலவசம். நெகடிவைத் திருப்புவதற்கென்றே அவற்றில் தனிக் கருவி உண்டு. கறுப்பு வெள்ளைக்கு வேலை சுலபம். வண்ண நெகடிவில் ஆரஞ்சு நிறம் ஒன்று முழுதும் படிந்திருக்கும். அது கறையன்று, சாயங்களின் குறையை ஈடுசெய்ய ஆலையிலேயே சேர்த்தது. படங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைச் செயலிக்குக் காட்டினால் அந்நிறத்தை அது கழித்துவிடும். ஆதலால் வண்ண நெகடிவை எடுக்கும்போது ஓரத்து வெற்றிடமும் சிறிது விழும்படி எடுப்பது நலம். ஸ்லைடு நேர்ப்படமாதலால் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் அதன் வெளிச்சப் பகுதிக்கும் நிழற்பகுதிக்கும் வேற்றுமை மிகுதி. ஒளி கூட்டி ஒன்றும் குறைத்து ஒன்றுமாக இரண்டு எடுத்து வைக்கலாம்.

டிஜிட்டல் காமிரா இல்லாதோர் கைப்பேசியாலும் தொடங்கலாம். மற்றொரு கைப்பேசியின் வெண்திரையையே விளக்காகக் கொள்ளலாம். ஆனால் அத்திரையின் புள்ளிகள் படத்தில் விழாதிருக்க, இடையில் பால்நிறப் பிளாஸ்டிக் தகடு வைத்து நெகடிவை உயர்த்திப் பிடிக்க வேண்டும். இம்முறையில் அச்சிடத் தகுந்த தெளிவு எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டோம். பெட்டியில் இன்னது இருக்கிறது என்று அறிந்துகொள்ள அது போதும்.

நாம் செய்த பிழைகள்

முதற் பிழையை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். ஒரு நெகடிவில் பூஞ்சை படர்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தோம். ஜெலட்டின் ஊறி, துணியோடு படலமும் வந்துவிட்டது. அதில் இருந்தவர் பாட்டனாரின் தம்பி, இளவயதில் மறைந்தவர். அவருடைய படம் வேறெங்கும் இல்லை. இப்போது கழுத்துக்குக் கீழே சட்டை மட்டும் தெரிகிறது. அன்பர்களே, தண்ணீர் தொடாதீர்கள். வாயால் ஊதவும் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ஊதுகுழலால் தூசியை மட்டும் அகற்றிவிட்டு, பூஞ்சையோடேயே முதலில் படம் எடுத்துவிடுங்கள். கறையைப் பின்னர்க் கணினியில் நீக்கலாம். போன முகத்தை எவராலும் வரவழைக்க முடியாது.

இரண்டாம் பிழை நகைப்புக்குரியது. பாட்டியாருக்கு இப்போது 82 வயது. கண்ணில் புரை, கைப்பேசியின் சிறுதிரையில் ஒன்றும் தெரியாது. ஆகவே படங்களைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பெரிதாகக் காட்டினோம். முதல் படத்தைப் பார்த்ததும், “யாருடா இது, சேட்டு வீட்டுப் பெண்?” என்றார்.

“பாட்டி, நீங்கள்தான்!”

“நான் எப்போதடா தலைப்பை வலத் தோளில் போட்டேன்?”

அப்போதுதான் புரிந்தது: நெகடிவைத் தலைகீழாக, அதாவது பக்கம் மாற்றி வைத்துவிட்டிருந்தோம். இடம் வலமாகிவிட்டது. பிலிமில் பளபளப்பான பக்கம் ஒன்றும் மங்கலான பக்கம் ஒன்றும் உண்டு. பளபளப்பான பக்கம் காமிராவை நோக்கியிருந்தால் படம் நேராக விழும். ஓரத்தில் அச்சிட்ட எழுத்துகளும் நேராகப் படிக்க வரும். அந்த எழுத்துகளைப் பார்த்து வைப்பதே பாதுகாப்பான வழி. அதே ஓரத்தில் சேஃப்டி என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் அது எளிதில் தீப்பற்றாத பிலிம் என்று பொருள். 1950-க்கு முற்பட்ட பிலிமில் அச்சொல் இல்லையென்றால் அது நைட்ரேட் பிலிமாக இருக்கக்கூடும். அவ்வகை சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கருகிலும் அடுப்பருகிலும் கொண்டுபோகாமல் தனியே வைத்து, விவரமறிந்தவரைக் கேட்க வேண்டும்.

ஒன்பதாம் சுருள்

காடி நாற்றம் வீசிய சுருள்கள் நான்கு. அவற்றில் ஒன்று முற்றும் சுருண்டு, படலம் கழன்று, கைதொட்டதும் உதிர்ந்துவிட்டது. அதில் என்ன இருந்தது என்று இனி ஒருவரும் அறியப் போவதில்லை. மற்ற மூன்றையும் அவசரமாக எடுத்தோம். உறையில் பாட்டனார் கைப்பட 9 என்று எண்ணிட்ட சுருள் அவற்றுள் ஒன்று.

அதில் நாலாவது படம் வெறும் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. ஒளி போதாமல் எடுத்த படம் அப்படித்தான் இருக்கும். அதன் உறையின்மேல் “பிரிண்ட் வராது” என்று பென்சிலில் எழுதியிருந்தது. அக்காலத்து அச்சுக் காகிதத்தில் வந்திராதுதான். ஆனால் ரா கோப்பில் மிக மெல்லிய வேறுபாடும் பதிவாகும். கணினியில் திருப்பி, கருமையையும் வெண்மையையும் இழுத்துப் பிரித்தபோது, மணல் தூவியதுபோன்ற பரப்பிலிருந்து மெல்ல ஒரு ரயில் பெட்டியின் சன்னல் வந்தது. பிறகு சன்னலோரம் பிளாட்பாரத்தில் நிற்கும் ஓர் அம்மாள். நெற்றி, மூக்குத்தி, ஏந்திய கையில் ஒரு தூக்கு.

பாட்டியாரிடம் காட்டினோம். வெகுநேரம் பேசவில்லை. எழுந்துபோய்த் தொலைக்காட்சிக்கு ஒரு முழத் தொலைவில் நின்று பார்த்தார்.

“எங்கம்மா” என்றார்.

1964-இல் அவர் முதன்முதலாகக் கரக்பூருக்குப் புறப்பட்ட நாள். சென்னை சென்ட்ரலில் ஹௌரா மெயிலில் ஏற்றிவிட அவருடைய தாயார் ஊரிலிருந்து கூடவே வந்திருக்கிறார். வண்டி புறப்படுமுன் பாட்டனார் பெட்டிக்கு உள்ளிருந்தே எடுத்திருக்கிறார். மறு ஆண்டு அந்த அம்மாள் காலமானார். தந்தி கிடைத்து, இவர்கள் வண்டியேறிப் போய்ச் சேர்வதற்குள் காரியங்கள் முடிந்துவிட்டன. அவருடைய படம் ஒன்றுகூட எவரிடமும் இல்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அறுபது ஆண்டுக்கு மேலாக அது கட்டிலுக்கடியில் இருந்திருக்கிறது.

“அந்தத் தூக்கிலே புளிசாதம். இரண்டு நாளைக்குக் காணும்படி கட்டிக்கொடுத்தாள். அந்தத் தூக்கு நம்ம சமையலறையில்தான் இருக்கிறது, உன் அம்மா துவரம்பருப்பு போட்டு வைத்திருக்கிறாள், போய்ப் பார்” என்றார் பாட்டியார்.

போய்ப் பார்த்தோம். பிடியிலுள்ள நெளிவுகூட அதே நெளிவு.

பெயர் எழுதுதல்

இவ்வேலையின் பாதி காமிராவைச் சேர்ந்தது. மறுபாதி பெரியவர்களைச் சேர்ந்தது. இதுதான் நாம் கற்ற பாடம். நெகடிவில் முகம் இருக்கிறது; பெயர் இல்லை. பெயர் பாட்டியாரின் நினைவில் இருக்கிறது. பிலிம் கெட்டுக்கொண்டிருப்பது போலவே அதுவும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒருங்கே இருக்கும் காலம் அதிகமில்லை.

ஆகவே, ஒவ்வொரு ஞாயிறும் எடுத்த படங்களை அன்று மாலையே பாட்டியாருக்குக் காட்டினோம். அவர் சொல்லச் சொல்லத் தந்தையார் நோட்டில் எழுதினார்: யார், எந்த ஊர், என்ன உறவு, எந்த ஆண்டு. பின்னர் அவற்றைப் படக் கோப்பின் விவரப் பகுதியிலேயே சேர்த்தோம். கோப்பின் பெயரில் ஆண்டும் சுருள் எண்ணும் பட எண்ணும் வரிசையாக வருமாறு வைத்தோம். பதினொரு ஞாயிற்றுக்கிழமைகளில் 806 படங்களில் எடுக்கக் கூடியவை அனைத்தும் முடிந்தன.

கோப்புகள் மொத்தம் ஏறத்தாழ 23 ஜிபி. கணினியில் ஒரு பிரதி, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, தாம்பரத்தில் அத்தை வீட்டில் ஒரு பிரதி. டிஸ்க்கும் ஒரு நாள் கெடும். வெள்ளமும் திருட்டும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மூன்று பிரதி, அவற்றில் ஒன்று வேற்றூரில் என்பது நல்ல விதி. உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவோர் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புக. இல்லையேல் அது படத்தைச் சுருக்கிவிடும்.

டிஜிட்டலில் ஏற்றிவிட்டோமே என்று நெகடிவை எறிந்துவிடக் கூடாது. மூலம் அதுவே. நாளை இதனினும் நல்ல காமிரா வரலாம். காடி நாற்றம் உள்ளவற்றைப் பிரித்துத் தனியே வைத்தோம். மற்றவற்றைச் சுருள் சுருளாகப் புதிய காகித உறையிலிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வெயில் படாத உள்ளறை அலமாரியில் வைத்தோம். டிரங்குப் பெட்டியில் இப்போது கம்பளிகள் இருக்கின்றன.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி நாற்றம் இருந்தால் நாள் தள்ளாதீர்கள். நாற்றம் இல்லாவிட்டாலும், வீட்டில் எண்பதைக் கடந்த பெரியவர் இருந்தால் நாள் தள்ளாதீர்கள். நம் ஒளிப்பலகையும் மரச்சட்டமும் சும்மாதான் இருக்கின்றன; கேட்போருக்கு இரவல் தருவோம், முதல் நாள் வந்து உடனிருந்து காட்டியும் கொடுப்போம்.

நமக்கும் ஓர் உதவி வேண்டியிருக்கிறது. பதினான்காம் சுருளில், 1966-ஆம் ஆண்டுப் பொங்கலன்று பணிமனைத் தமிழர் எட்டுப் பேர் வேட்டி கட்டி ஒரு மரத்தடியில் நிற்கும் படம் ஒன்று உள்ளது. அறுவரின் பெயரைப் பாட்டியார் சொல்லிவிட்டார். வலக் கோடியில் கண்ணாடி அணிந்து நிற்பவரும், அவருடைய தோளில் கைபோட்டுச் சிரிப்பவரும் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பாட்டனாருக்குத் தெரிந்திருக்கும், அவர் இருந்தபோது நாம் கேட்கவில்லை. அப்படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சங்கத்தின் வாசகசாலைச் சுவரில் வைத்திருக்கிறோம். இவ்விருவரும் உங்கள் வீட்டுப் பாட்டனாராகவோ பெரிய மாமாவாகவோ இருக்கலாம். அந்தப் பக்கம் வருவோர் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டுகிறோம்.